பெண்கள் மட்டும் படிக்க: ஹிண்ட்மார்ஷ் தீவுப் பாலம் பற்றி ஒரு விவாத இழை

இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி:

"ஆஸ்திரேலியாவில் பழங்குடிப் பெண்கள் சிலர், 'இந்தத் தீவில் எங்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இருக்கிறது, என்னவென்று சொல்ல மாட்டோம்' என்று சொல்லி ஒரு பாலத்தையே நிறுத்தினார்களாம். கடைசியில் அது கட்டுக்கதை என்று விசாரணை ஆணையமே அறிவித்துவிட்டதாம். ரகசியம் என்று சொன்னால் போதும், எந்தக் கட்டுமானத்தையும் யாரும் நிறுத்திவிடலாம் போலிருக்கிறதே? அடிலெய்டுப் பக்கம் இருப்பவர்கள் யாராவது விளக்கினால் நல்லது."

3 ஆகஸ்ட் 2024, இரவு 9.40

நான் 15 வருடமாக அடிலெய்டில் இருக்கிறேன். அந்தப் பாலம் என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பலமுறை அதன்மேல் போய் வந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாமல்.

நீங்கள் கேட்டது பாதிக் கதை. கட்டுக்கதை என்று ஆணையம் சொன்னது 1995-இல். 2001-இல் ஃபெடரல் நீதிமன்ற நீதிபதி ஜான் வான் டூசா, எல்லாத் தரப்புச் சாட்சியங்களையும் கேட்டுவிட்டு, அந்தப் பெண்களின் அறிவு புனையப்பட்டது என்று தன்னால் ஏற்க முடியவில்லை என்று தீர்ப்பு எழுதினார். 2010-இல் தென் ஆஸ்திரேலிய அரசே அந்தத் தீர்ப்பை ஏற்று, பாலத்தின் அடியில் விழா வைத்துச் சொன்னது. முதல் பாதி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டாம் பாதியை இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களில்கூட முக்கால்வாசிப் பேர் கேட்டதில்லை.

தீவின் வடிவத்தைப் பற்றியும் அதன் பொருளைப் பற்றியும் நான் படித்தது:

[மூன்று வரிகள் நீக்கப்பட்டன. காரணம் 7 ஆகஸ்ட் பதிவில்.]

4 ஆகஸ்ட், காலை

பெயரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஹிண்ட்மார்ஷ் என்பது தென் ஆஸ்திரேலியாவின் முதல் ஆளுநர் பெயர். அந்த மண்ணின் மக்கள் தீவைக் குமராங்க் என்கிறார்கள். மக்களின் பெயர் ஙரிஞ்செரி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் முதல் எழுத்திலேயே தடுமாறி 'ந' என்றோ 'நெ' என்றோ தொடங்குவார்கள். அரிச்சுவடிக்குப் பிறகு நாம் சொல்லின் முதலில் எழுதவே வாய்ப்பில்லாத ஙகரம் அப்படியே இங்கே உட்காருகிறது, பின்னால் ஞகரமும் சகரமும் சேர்ந்து வருகின்றன. தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இந்தப் பெயரைத் தவறாகச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

6 ஆகஸ்ட், இரவு 11.15

நீளமான பதிவு. நான் வக்கீல் இல்லை. தீர்ப்புகளையும் அறிக்கைகளையும் விடுமுறை நாட்களில் படித்ததில் எனக்குப் புரிந்தது இது.

தீவில் சாப்மன் தம்பதிக்கு ஒரு மரீனா, அதாவது உல்லாசப் படகுகள் நிறுத்தும் துறை, இருந்தது. அதைப் பெரிதாக்க நினைத்தார்கள். விரிவாக்கத்துக்கு அனுமதி வேண்டுமானால் பாலம் வேண்டும் என்ற நிலை வந்தது. அதுவரை எதிர்க்கரையிலுள்ள கூல்வா என்ற ஊரிலிருந்து தீவுக்குக் கம்பிவடத்தில் ஓடும் ஃபெர்ரி மட்டும்தான். பாலத்துக்கு மாநில அரசு பொறுப்பேற்றது.

ஙரிஞ்செரிப் பெண்கள் சிலர் எதிர்த்தார்கள். முன்னால் நின்றவர் டோரீன் கார்ட்டினியேரி. ரவுக்கன் என்ற ஙரிஞ்செரி ஊரில் பிறந்தவர். தெற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் தம் மக்களின் வம்சாவளிகளைத் தொகுத்தவர். யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் குடும்பம் எந்த நிலத்துக்கு உரியது என்பதை ஆயுள் முழுக்க எழுதி வைத்த ஒரு பெண்மணி.

1984-இல் வந்த பழங்குடி மரபுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய அமைச்சருக்கு ஓர் அதிகாரம் தருகிறது. மாநிலச் சட்டம் காப்பாற்றத் தவறும் இடத்தில் அவர் தடை போடலாம். அப்போது அமைச்சர் ராபர்ட் டிக்னர். அறிக்கை எழுத நியமிக்கப்பட்டவர் சட்டப் பேராசிரியர் ஷெரில் சாண்டர்ஸ். பெண்கள் சொன்னதை மானிடவியலாளர் டீன் ஃபெர்கி எழுதி, இரண்டு உறைகளில் இட்டு மூடினார். பெண்கள் மட்டும் படிக்கலாம் என்று மேலே எழுதியிருந்தது. டிக்னர் அதை மதித்தார். தான் படிக்காமல் தன் அலுவலகப் பெண் ஊழியரைப் படிக்கச் சொன்னார். 1994 ஜூலை 10 அன்று 25 வருடத் தடை போட்டார்.

1995 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. காரணங்களில் ஒன்று: அமைச்சர் தானே முழுவதையும் பரிசீலித்திருக்க வேண்டும், உறையைப் படிக்காமல் விட்டது தவறு. மேல்முறையீட்டிலும் இதுவே நின்றது. இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் அறியக்கூடாது என்பதுதான் காப்பாற்ற வேண்டிய விஷயமே. அதை ஓர் ஆணிடம் கொடுத்தால்தான் காப்பாற்ற முடியும் என்கிறது சட்டம்.

அடுத்த மாதம் இன்னொன்று தெரியவந்தது. அந்த ஆவணங்கள் அடங்கிய பெட்டி தவறான முகவரிக்கு, எதிர்க்கட்சியின் முன்வரிசை உறுப்பினர் (நிழல் அமைச்சர்) இயன் மெக்லாக்லனின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிரதி எடுக்கப்பட்டது. அவர் அந்த விவகாரத்தில் முன்வரிசைப் பதவியை விட்டு விலகினார். அவர் பதவி போனது பற்றி அப்போது பக்கம் பக்கமாக எழுதினார்கள். உறை ஒருமுறை பிரிந்தால் பிரிந்ததுதான் என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

மீதி நாளை. காலை ஷிஃப்ட்.

7 ஆகஸ்ட், மாலை 5.30

தொடர்வதற்கு முன் ஒரு திருத்தம்.

முதல் பதிவில் தீவின் பொருளைப் பற்றி மூன்று வரி எழுதியிருந்தேன். எனக்கு யாரும் சொன்னதில்லை, பழைய பத்திரிகைகளில் வந்ததைச் சுருக்கியிருந்தேன். நேற்று இரவு மெக்லாக்லன் பற்றி எழுதி முடித்துப் படுத்தபிறகு உறுத்தியது. அந்தப் பெண்கள் வெளியே போகக்கூடாது என்று உறையில் இட்டுக் கொடுத்ததன் துண்டு துணுக்குகள் பத்திரிகைகளில் கசிந்தன. நான் அதைத் தமிழிலும் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதுதானே என்பது நல்ல காரணம் இல்லை. தமிழில் அது இருக்கவில்லை, நான்தான் கொண்டுவந்தேன். எடுத்துவிட்டேன்.

மேற்கோள் காட்டிப் பதில் போட்ட இரண்டு நண்பர்களும் தங்கள் பதிவிலிருந்து அந்த வரிகளை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

7 ஆகஸ்ட், இரவு 8.10

எடுத்துவிட்டார்கள். நன்றி.

9 ஆகஸ்ட், இரவு 10.50

கேள்வி கேட்ட தம்பி குறிப்பிட்ட ஆணையத்துக்கு வருகிறேன்.

1995 மே மாதத்தில் வேறு ஙரிஞ்செரிப் பெண்கள் சிலர், அப்படியொரு பெண்கள் மரபைத் தாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களும் அதே சமூகத்தின் மூத்த பெண்கள். மாநில அரசு ராயல் கமிஷன் அமைத்தது. ஆணையர் ஐரிஸ் ஸ்டீவன்ஸ், ஓய்வுபெற்ற நீதிபதி, பெண். டிசம்பரில் வந்த முடிவு: பாலத்தைத் தடுப்பதற்காகவே புனையப்பட்டது.

அந்த ஆணையத்தின் முன் உரிமை கோரிய பெண்கள் சாட்சி சொல்லவில்லை. எங்கள் நம்பிக்கையை விசாரிக்க உனக்கு என்ன அதிகாரம் என்று ஒதுங்கி நின்றார்கள். ஆக, ஒரு பக்கம் பேசியது, மறுபக்கம் பேசவில்லை, பேசாதவர்கள் பொய்யர்கள் என்று முடிவு வந்தது. ஒரு மாநில அரசு பொதுப்பணத்தில் ஆணையம் வைத்து ஒரு சிறு கூட்டத்தின் சமய நம்பிக்கை உண்மையா பொய்யா என்று தீர்மானித்தது. வேறு எந்த மதத்துக்காரர்களிடமாவது இதைச் செய்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பழைய மானிடவியல் நூல்களில் இது இல்லையே என்பது ஆணையத்தில் பெரிய வாதமாக இருந்தது. ரொனால்ட், கேத்தரின் பெர்ன்ட் தம்பதி 1940-களில் இம்மக்களோடு இருந்து எழுதிய பெரிய நூல் 1993-இல்தான் அச்சானது. அதில் இப்படி ஒரு பெண்கள் ரகசியம் இல்லை. எனக்கு இந்த வாதம் புரியவில்லை. ரகசியம் என்று சொல்லப்படுவது புத்தகத்தில் அச்சாகியிருந்தால் உடனே என்ன சொல்லியிருப்பார்கள்? அச்சில் வந்தது ரகசியமா என்றுதானே?

10 ஆகஸ்ட், காலை 6.20

"அப்படியானால் மறுத்த பெண்கள்தான் பொய் சொன்னார்கள் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர்.

இல்லை. நேற்று நான் எழுதியதில் அந்தத் தொனி வந்துவிட்டது, அது என் பிழை. அவர்கள் கேள்விப்படவில்லை என்றால் கேள்விப்படவில்லை. எல்லாருக்கும் எல்லாம் சொல்லப்படும் சமூகம் இல்லை அது. எந்தக் குடும்பம், எந்தப் பெரியம்மா, யாரைப் பொறுப்பானவள் என்று அவர் கருதினார் என்பதைப் பொறுத்துச் சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது. கிறித்தவ மிஷன் குடியிருப்புகளில் கழிந்த வாழ்க்கையும், குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துப்போன காலமும் நடுவில் வந்தன. ஒரு பாட்டி சொல்ல நினைத்திருந்த பேத்தி அந்த வீட்டிலேயே இல்லாமல் போயிருக்கலாம். ஒருத்தி 'எனக்குத் தெரியும்' என்பதும் இன்னொருத்தி 'எனக்குத் தெரியாது' என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும். ஆணையம் இவர்களை எதிரெதிரே நிறுத்தியது. அந்தக் காயம் பாலத்தைவிட நாள் அதிகம் நின்றது என்று இங்கே விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

11 ஆகஸ்ட்

ஊர்க்கோயில்களோடு ஒப்பிட்டு நாலைந்து பின்னூட்டங்கள் வந்திருக்கின்றன. எனக்கும் முதலில் அப்படித்தான் மனசு ஓடியது. ஆனால் ஒப்பிட ஆரம்பித்தால் இரண்டாவது நாளே நாம் நம் கதையைப் பேசிக்கொண்டிருப்போம். இந்த இழையில் அவர்கள் கதையையே பேசுவோமே.

13 ஆகஸ்ட், இரவு

வழக்கின் மீதி. சுருக்கமாகவே சொல்கிறேன், சுருக்க முடியாத இடம் ஒன்று உண்டு.

1996-இல் இரண்டாவது விசாரணை. நீதிபதி ஜேன் மேத்யூஸ். அதற்குள் ஆட்சி மாறி, புதிய அமைச்சர் ஜான் ஹெரன், அவரும் ஆண். முந்தைய தீர்ப்பின்படி ரகசியப் பகுதியை அமைச்சர் படித்தே ஆக வேண்டும். பெண்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அது இல்லாமல் தடைக்குப் போதிய அடிப்படை இல்லை என்றது அறிக்கை. பிறகு அந்த நியமனமே செல்லாது என்று உயர் நீதிமன்றம் (இங்கே நாட்டின் உச்ச நீதிமன்றம் அதுதான்) வேறு காரணத்துக்காகத் தள்ளிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஜெயிக்கும் சீட்டு கையில் இருக்கிறது. காட்டினால் ஒருவேளை தீவு பிழைக்கும். காட்டாமல் உள்ளே வைத்துக்கொண்டார்கள். கட்டுக்கதை புனைகிறவர்கள் செய்கிற காரியமா இது? பாலத்தைத் தடுப்பதற்கென்று இட்டுக்கட்டியிருந்தால், இட்டுக்கட்டியதைக் காட்டுவதில் என்ன நஷ்டம்? இந்த ஒரு விஷயம்தான் என்னை முழுதாக இந்தப் பக்கம் நிறுத்தியது. தீர்ப்பைப் படிப்பதற்கு முன்பே.

1997-இல் நாடாளுமன்றம் ஹிண்ட்மார்ஷ் தீவுப் பாலச் சட்டம் என்று தனிச் சட்டமே இயற்றியது. 1984 சட்டத்தின் பாதுகாப்பு நாடு முழுக்க உண்டு, இந்தப் பாலத்துக்கு எதிராக மட்டும் இல்லை. கார்ட்டினியேரி உயர் நீதிமன்றம் போனார். 1998 ஏப்ரல் 1 அன்று ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார். மறுத்து எழுதிய ஒருவர் நீதிபதி கிர்பி. நாட்டில் இனத்தைக் குறித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் அந்த இனத்துக்குக் கேடாகவும் பயன்படலாமா என்ற கேள்வியை இந்த வழக்குதான் எழுப்பியது. இன்றைக்கும் அதற்கு நேரான விடை வரவில்லை.

அதே 1997-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் மூன்று பழங்குடிப் பெண் கலைஞர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. அவர்களில் யுவோன் கூல்மாட்ரி ஒரு ஙரிஞ்செரிப் பெண். ஆற்றோரக் கோரையில் விலாங்குப் பொறிகளும் கூடைகளும் பின்னுகிறவர். இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. அந்தக் கோரை வளரும் நீர்நிலைகளைப் பற்றி இதே சமூகத்துப் பெண்கள் சொன்னதை அந்த வருடம் நாடாளுமன்றம் கேட்க மறுத்தது.

பாலம் திறந்தது 2001 மார்ச் 4. வான் டூசாவின் தீர்ப்பு அதே வருடம் ஆகஸ்ட் 21. ஐந்தரை மாதம்.

14 ஆகஸ்ட்

அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அது பெண்கள் போட்ட வழக்கு இல்லை. சாப்மன் தம்பதி நஷ்ட ஈடு கேட்டு டிக்னர், சாண்டர்ஸ், ஃபெர்கி ஆகியோர் மேலும் ஃபெர்கியின் பல்கலைக்கழக ஆலோசனை நிறுவனத்தின் மேலும் போட்டது. அவர்கள் நிறுவனம் கடனில் மூழ்கியது, அவர்கள் பட்ட நஷ்டம் நிஜம். வழக்கு தள்ளுபடியானது. ஆணையத்தின் முன் பேசாத பெண்கள் இங்கே சாட்சி சொன்னார்கள், குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டார்கள். தீர்ப்பைப் படிக்க விரும்புகிறவர்கள் பொறுமையோடு உட்காருங்கள், நீளம்.

17 ஆகஸ்ட், காலை

நேற்றைய செய்தி. நியூ சவுத் வேல்ஸில் பிளேனி அருகே ஒரு தங்கச் சுரங்கத் திட்டம். சுரங்கக் கழிவைத் தேக்கும் அணை வர இருந்த இடம் பெலுபுலா ஆற்றின் தலைநீர்ப் பகுதி. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் டான்யா பிளிபர்செக் அந்த இடத்துக்கு மட்டும் தடை போட்டிருக்கிறார். அதே 1984 சட்டம். விராஜுரி மக்களின் நிலம். அங்கேயும் சமூகத்துக்குள் ஒருமித்த குரல் இல்லை, உள்ளூர் பழங்குடி நில மன்றம் ஆட்சேபிக்கவில்லை, வேறு ஒரு குழு ஆட்சேபித்தது. நிறுவனம் இனித் திட்டம் கட்டுபடியாகாது என்கிறது. உடனே ஆரம்பித்துவிட்டார்கள், "இன்னொரு ஹிண்ட்மார்ஷ்" என்று. 30 வருடத்துக்குப் பிறகும் அந்தத் தீவின் பெயர் இங்கே ஏமாற்று என்ற பொருளில்தான் வருகிறது. 2001-ம் 2010-ம் நடக்காதது மாதிரி.

25 ஆகஸ்ட், இரவு 9 மணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

2013-இல் நான் தெற்குப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தேன். மாதம் ஒருமுறை பேருந்தில் எங்காவது கூட்டிப்போவோம். ஒருமுறை கூல்வா, அங்கிருந்து பாலம் வழியாகத் தீவைச் சுற்றி, மர்ரே ஆற்றின் முகத்துவாரம் தெரியும் இடம்வரை. படகுத்துறை அருகே தேநீருக்கு நிறுத்தினோம். திரும்ப ஏறும்போது ஒரு மூதாட்டி ஏறவில்லை. நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றார். ஙரிஞ்செரிக்காரர் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. களைத்துவிட்டார் போல என்று நினைத்தேன். அவரைத் தனியே விடக்கூடாது என்பதால் நான் அவரோடு தங்கினேன்.

ஒன்றரை மணி நேரம் இருந்திருப்போம். பெலிகன்கள் மரக்கட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தன. அவர் மடியில் ஒரு பின்னல் வேலை வைத்திருந்தார், கோரை, ஈரத்துணியில் சுற்றியது. என் ஊரில் ஆறு உண்டா, அதில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். மழைக்காலத்தில் இருக்கும் என்றேன். சிரித்தார். முகம் பாலத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். வெயில் கண்ணில் படுகிறது போல என்று திருப்பினேன். வெயில் அந்தப் பக்கம்தான் இருந்தது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

26 ஆகஸ்ட்

அவர் இப்போது இல்லை. அதனால்தான் எழுதினேன். பெயரையும் குடும்பத்தையும் எழுத மாட்டேன், கேட்க வேண்டாம்.

1 செப்டம்பர்

ஒரு பொறியாளர் நண்பர் நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். "சரி, ரகசியத்தைச் சொல்லவும் முடியாது, கட்டுகிறவன் முன்கூட்டித் தெரிந்துகொள்ளவும் வேண்டும். நடைமுறையில் என்னதான் வழி?"

வழி இருக்கிறது, இந்த நாட்டிலேயே. வடக்குப் பிரதேசத்தில் புனித இடங்களுக்கென்று 1989-இல் வந்த தனிச் சட்டமும் ஒரு பாதுகாப்பு ஆணையமும் உண்டு. அதன் குழுவில் 12 பேர், அவர்களில் 10 பேர் பழங்குடிக் காப்பாளர்கள், ஆணும் பெண்ணும் சரிபாதி. சாலையோ சுரங்கமோ போடுகிறவர் முதலில் விண்ணப்பிக்கிறார். பெண்கள் இடம் என்றால் பெண் ஊழியர்கள் பெண் காப்பாளர்களோடு போய் நடந்து பார்க்கிறார்கள். விண்ணப்பித்தவர் கையில் வருவது ஒரு சான்றிதழும் வரைபடமும்: இந்தக் கோட்டுக்குள் தோண்டாதே, இந்த மரத்தைத் தொடாதே. ஏன் என்று அதில் இருக்க வேண்டியதில்லை. பூமிக்கடியில் மின்கேபிள் போகிறது, தோண்டாதே என்றால் அதில் யாருக்கு மின்சாரம் போகிறது என்று நீங்கள் கேட்பதில்லையே.

எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். டெனன்ட் கிரீக் பக்கம் பூட்டு கிரீக் மாங்கனீசுச் சுரங்கத்தில் 2011-இல் ஒரு புனிதப் பாறை சரிந்தது. இடத்தின் பெயர் 'உட்கார்ந்திருக்கும் இரு பெண்கள்'. பாதுகாக்கப்பட்ட இடத்தை ஒட்டித் தோண்டியதில் வந்த வினை. 2013-இல் 1,50,000 டாலர் அபராதம். பாறை சரிந்தது சரிந்ததுதான். ஆனால் அங்கே வழக்கு, தோண்டியவன் மேல் வந்தது. கூல்வாவில் விசாரணைக் கூண்டில் நின்றது பெண்களின் நம்பிக்கை. இந்த வித்தியாசம் சட்டத்தின் வடிவத்திலிருந்து வருகிறது.

2 செப்டம்பர்

மேலே எழுதியதோடு சேர்த்துப் படிக்க. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே டாட் ஆற்றில் ஓர் அணை கட்ட 1980-களின் தொடக்கத்திலிருந்தே திட்டம் இருந்தது. வெலட்யெ தெரெ என்ற இடம், அரர்ண்ட பழங்குடிப் பெண்களுக்கு உரியது. 1983-இல் பெண்கள் அங்கே முகாமிட்டு உட்கார்ந்தார்கள். பிறகு இடம் மாற்றிப் போட்ட அணைத் திட்டம் பற்றி 1992-இல் ஹால் வூட்டன் அமைச்சருக்கு அறிக்கை கொடுத்தார். அணைக்கு டிக்னர் தடை போட்டார், 20 வருடத்துக்கு.

20 வருடம். குமராங்குக்குப் போட்டது 25 வருடம். அது நின்றிருந்தாலும் 2019-இல் முடிந்திருக்கும். பல்லாயிரம் வருடமாக இருக்கும் ஓர் இடத்துக்கு, ஒரு வீட்டுக் கடனைவிடக் குறைந்த காலத்துக்குப் பாதுகாப்பு. அந்த 25 வருடமும் கிடைக்கவில்லை.

14 செப்டம்பர், விக்டோரியா மாநிலத்தில் அராரட் ஊரில் ஒரு மோட்டலில் இருந்து

மெல்பர்னுக்குக் காரில் போகிறோம். இந்த நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் வேலையில்தான் ஜாப் வுரங் என்ற பழங்குடி மக்களின் மரங்கள் பிரச்சினை வந்தது. பிரசவ மரங்கள் என்று பெண்கள் சொன்னவை, உள்ளே குடைவான பெரிய யூகலிப்டஸ் மரங்கள். ஒரு மரம் சுமார் 800 வருடம் பழையது என்றார்கள். 2018-இல் முகாம் போட்டார்கள். 2019-இல் இந்த வழியாகப் போனபோது கொடிகளும் கூடாரங்களும் பார்த்தேன். குழந்தைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தவில்லை.

இங்கேயும் அதே சங்கதி. சட்டப்படி பதிவான பழங்குடி அமைப்பு அரசோடு பேசிச் சில மரங்களைக் காப்பாற்ற உடன்பாடு செய்தது. முகாமில் இருந்த பெண்கள் அது போதாது என்றார்கள். 2020 அக்டோபர் 26 அன்று, மெல்பர்ன் ஊரடங்கு தளர்வு அறிவித்த அதே நாள், வழிகாட்டி மரம் என்று அவர்கள் அழைத்த மரம் வெட்டப்பட்டது. அது பட்டியலில் இல்லாத மரம் என்றது அரசு. பட்டியல் யார் போட்டது, யாரைக் கேட்டுப் போட்டது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உரிமையுள்ள பெண்கள் அறையில் இல்லாதபோது பட்டியல் தயாராகிவிடுகிறது. அவர்கள் வந்து சொல்லும்போது "இப்போது ஏன் சொல்கிறாய்" என்கிறார்கள். குமராங்கிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

5 அக்டோபர்

என் ஆகஸ்ட் 25 பதிவைத் திரும்பப் படித்தேன். "நான் ஒன்றும் கேட்கவில்லை" என்று தனி வரியில் எழுதியிருக்கிறேன். ஏதோ மரியாதையால் கேட்காமல் இருந்தது போலத் தொனிக்கிறது. பலரும் அதைப் பாராட்டியும் எழுதிவிட்டீர்கள். உண்மை என்னவென்றால் கேட்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அன்பாகத்தான் கேட்டிருப்பேன், கூல்வாவிலும் பலர் அன்பாகத்தான் கேட்டார்கள். அவர் தப்பித்தார்.

6 அக்டோபர்

2010 விழாவைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஜூலை 6. மாநில அமைச்சர் வந்து, வான் டூசாவின் தீர்ப்பைத் தொடர்ந்து அந்த அறிவு உண்மையான மரபு என்று அரசு ஏற்கிறது என்றார். மூத்தவர்கள் சிலர் அடையாளமாகப் பாலத்தின்மேல் நடந்தார்கள். இதற்குப் பிறகும் கால் வைக்க மாட்டேன் என்றவர்கள் உண்டு. கார்ட்டினியேரி 2007 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

அதற்கு முன்னால், 2002-இல், கூல்வா படகுத்துறை வேலையில் ஒரு தாயும் குழந்தையும் சேர்ந்த பழைய எலும்புகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. அப்போது உள்ளூர் மன்றம் ஙரிஞ்செரி மக்களிடம் மன்னிப்புக் கேட்டு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பெயருக்கு, 'ஙரிஞ்செரி பேசுவதைக் கேள்' என்று பொருள். மாநிலத்துக்கு எட்டு வருடம் முன்பே ஒரு சின்ன ஊர் மன்றம் செய்தது அது. அந்த மூதாட்டியோடு நான் உட்கார்ந்திருந்தது அதே படகுத்துறை.

19 அக்டோபர், மதியம்

"ஆற்றுக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம், தண்ணீர் கீழேதானே போகிறது" என்ற நண்பருக்கு.

நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் அந்த இடமே அவர்களுக்கு உடம்பு மாதிரி. இதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள், ரகசியம் இல்லை. நிலத்தையும் உடம்பையும் பிரிக்காத சொற்கள் அவர்கள் மொழியில் இருக்கின்றன. நான் 2009-இல் வந்தபோது வறட்சி உச்சத்தில் இருந்தது. ஆறு கடலில் சேருமுன் வந்து விழும் அலெக்ஸாண்ட்ரினா ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போயிருந்தது, படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. முகத்துவாரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க இயந்திரம் வைத்து மணல் அள்ளினார்கள். 2022 கடைசியில் 1956-க்குப் பிறகு வந்த பெரிய வெள்ளம் வந்து முகத்துவாரத்தை அகலத் திறந்தது. அன்று போய்ப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. பழுப்புத் தண்ணீர் கடலுக்குள் தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஙரிஞ்செரிப் பெண்கள் சிலர் நின்றிருந்தார்கள். ஒருவர் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். நான் தள்ளிப் போய் நின்றேன்.

2 நவம்பர்

டிசம்பரில் குடும்பத்தோடு வருகிறேன், எங்கே நிறுத்தலாம் என்று கேள்வி கேட்ட தம்பியே தனிச்செய்தியில் கேட்டார். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

கூல்வா படகுத்துறையில் நிறுத்துங்கள், இடம் தாராளமாக இருக்கும். அங்கிருந்தே பாலமும் ஆறும் தெரியும். கடற்கரைக்குப் போனால் ஈர மணலில் குதிகாலைத் திருப்பித் திருப்பி மட்டி எடுக்கலாம், விதி அனுமதிக்கும் காலத்தில் மட்டும், அளவும் எண்ணிக்கையும் விதிப்படி. அந்த மட்டிக்கு அவர்கள் மொழியில் பெயர் குட்டி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நேரம் இருந்தால் மெனிங்கி ஊர் அருகே ஙரிஞ்செரி மக்களின் பண்பாட்டு மையமான காம்ப் கூரோங் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். கோரை பின்னுவதை அவர்களே சொல்லித் தந்த இடம் அது.

பாலத்தைத் தாண்டுவது உங்கள் விருப்பம். நான் இப்போது படகுத்துறையோடு நின்றுவிடுகிறேன்.